சைக்கிளை வீட்டிலேயே கழுவிப் பளபளப்பாக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் சேலத்தில் கோரிமேடு தாண்டி அடிவாரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு, ஒண்டிக்கடையில் ஒரு காபி, மறுபடி இறக்கம். கன்னங்குறிச்சி வீட்டுக்கு வந்து சேரும்போது சைக்கிளின் நிறமே தெரியாது. வாசலில் வைத்துக் கழுவ ஆரம்பித்தால் தெருவில் போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். நின்றவர்கள் சும்மா போவதும் இல்லை, ஏதாவது கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே பதிலோடு எழுதியிருக்கிறேன். கியர் சைக்கிள், தாத்தா காலத்துக் கம்பி பிரேக் சைக்கிள், பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள், மூன்றுக்கும் பொருந்தும். பொருந்தாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கழுவ என்னென்ன வேண்டும்? கடைக்குப் போகணுமா?

பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். வாளி இரண்டு, ஒரு ஷாம்பு பாக்கெட், கிழிந்த பனியன் நாலைந்து, பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டு, பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்று. செயினுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகிவிட்டதால் பங்க்கில் சிறு பாட்டிலில் டீசல் வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. டீசலும் அழுக்கைக் கரைக்கும், ஆனால் பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும். பிறகு சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவியே ஆக வேண்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். எதுவானாலும் திறந்த வெளியில் செய்யுங்கள். அடுப்பு, பூஜை விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

தறிகள் ஓடும் அம்மாபேட்டை, குகை ஏரியாக்களில் இருப்பவர்களுக்குத் தறி வேஸ்ட் நூல் சுலபமாகக் கிடைக்கும். எண்ணெயை நன்றாக உறிஞ்சும், பாடி துடைக்க அருமை. ஆனால் செயின் பக்கம் அதைக் கொண்டு போகாதீர்கள். ஒரு இழை ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) பல்லில் மாட்டினால் உள்ளே சுற்றிக்கொண்டு போய்விடும், அப்புறம் ஊசியால் நோண்டி நோண்டி எடுக்க வேண்டும். செயினுக்குப் பனியன் துணிதான்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

செயினிலிருந்து. பலரும் முதலில் பாடியைக் கழுவி, துடைத்து, பாலிஷ் போட்டுவிட்டுக் கடைசியில் செயினுக்கு வருகிறார்கள். செயினைத் தேய்க்கும்போது தெறிக்கிற கறுப்பு அத்தனையும் புதுசாகத் துடைத்த பாடியில்தான் விழும். செயின், பல்சக்கரம், சக்கரம், பாடி, துடைத்துக் காயவிடுதல், மெழுகு, கடைசியில் எண்ணெய். இந்த வரிசையில் போனால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியதில்லை. காயவிடும் நேரத்தைச் சேர்க்காமல் முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகலாம். கை பழகிவிட்டால் முக்கால் மணி நேரம்.

செயினை எப்படிச் சுத்தம் செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டு போடுங்கள். இரட்டைக் கால் ஸ்டாண்டு இருக்கும் பழைய சைக்கிளில் இது தானாகவே அமைந்துவிடும். கீழே பழைய தினத்தாள் விரியுங்கள். முதல் வேலைக்குத் தண்ணீரும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். காய்ந்த பனியன் துணியை நாலாக மடித்து, செயினின் கீழ்ப் பகுதியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். இருபது சுற்று. துணியைத் திறந்து பார்த்தால் கண்மை டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மடிப்பை மாற்றி இன்னொரு இருபது. பாதி அழுக்கு இதிலேயே போய்விடும். பெடலை முன்னோக்கிச் சுற்றவே கூடாது. செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் விரல் மாட்டினால் நகத்தோடு போகும். பிள்ளைகள் உதவிக்கு வந்தால் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

இப்போது ஒரு கொட்டாங்குச்சியில் இரண்டு ஸ்பூன் மண்ணெண்ணெய் ஊற்றி, பிரஷைத் தொட்டுத் தொட்டுச் செயினின் மேல், கீழ், இரண்டு பக்கம் என நாலு முகத்தையும் தேய்க்க வேண்டும். பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே தேய்த்தால் எந்தக் கண்ணியும் விடுபடாது. துடைத்துவிட்டு மறுபடி தேயுங்கள். தினத்தாளில் சொட்டுவது கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு வந்தால் போதும். புதுச் செயின் மாதிரி வெள்ளையாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், வராது.

ஃப்ரீவீலுக்கு ஒரு வித்தை இருக்கிறது. பழைய வேட்டியை விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழியுங்கள். அதை இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் விட்டு, மத்தில் கயிறு போட்டுத் தயிர் கடைவது போல இரண்டு கையாலும் மாறி மாறி இழுங்கள். ஒற்றைப் பல்சக்கரம் என்றால் அதற்கும் போக்ஸ் கம்பிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் இதே மாதிரி. உள்ளே வருஷக் கணக்கில் அடைந்து கிடக்கும் புல், முடி, மண் எல்லாம் கரிக்கட்டி போல உருண்டு வெளியே வரும். அதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம் ஷாம்புத் தண்ணீரால் ஒரு தடவை தேய்த்து மண்ணெண்ணெய் வழவழப்பை எடுத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, துடைத்து, காற்றில் காயவிடுங்கள். நன்றாகக் காய ஒரு மணி நேரமாவது வேண்டும். ஈரச் செயினில் எண்ணெய் விட்டால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும்.

கடைசியாக எண்ணெய். செயினில் குறுக்கே சின்னச் சின்ன உருளைகள் இருக்கும். ஓர் உருளைக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். நூற்றுச் சொச்சம் உருளை இருக்கும், பொறுமையாக எண்ணிக்கொண்டே விடலாம். பத்து நிமிஷம் கழித்து, முதலில் செய்தது போலவே காய்ந்த துணியில் பொத்திப் பிடித்து வெளியில் இருக்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்து எடுத்துவிடுங்கள்.

விட்ட எண்ணெயையே துடைக்கச் சொல்கிறீர்களே?

ஆமாம், எல்லாரும் கேட்பது இதைத்தான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் எண்ணெய் டப்பாவைக் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு, "கண்ணு, எண்ணெய் உள்ள போகோணும், வெளிய நின்னா மண்ணுக்குத்தான் தீனி" என்றார். செயின் தேய்வது உள்ளே, பின் கம்பியும் உருளையும் உரசும் இடத்தில். வெளித்தகட்டில் எண்ணெய்க்கு வேலையே இல்லை. அங்கே நிற்கும் எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கொலுசுப் பட்டறையில் வெள்ளிக்கு மெருகு போடும் பசை என்ன? கொழுப்பிலோ மெழுகிலோ குழைத்த நைசான தூள். மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரத்தில் அதைத் தடவிக் கொலுசைக் காட்டினால் மேல்தோல் தேய்ந்து பளபளப்பு வரும். எண்ணெயும் தெருத்தூசியும் சேர்ந்த செயின் அழுக்கு அதே பசையின் முரட்டு அண்ணன். மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் சாதா இரும்பைவிடக் கடினமானது. ஒவ்வொரு மிதிக்கும் அது உங்கள் பல்சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. பளபளப்பு வராது, பல் மட்டும் கூராகிக்கொண்டே போகும்.

எந்த எண்ணெய் விடலாம்?

சைக்கிள் செயினுக்கென்றே சின்ன பாட்டிலில் விற்பது நல்லது, ஒரு பாட்டில் மாதக்கணக்கில் வரும். இல்லாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய். நைசாக இருப்பதால் உள்ளே சுலபமாக இறங்கும்; ஒரு மழையில் போய்விடும், மறுபடி விட வேண்டியதுதான்.

கூடாதவை: பைக்கில் இருந்து வடித்த பழைய ஆயில். அதில் கரியும் இரும்புத் துகளும் மிதக்கும். செயினுக்கு வெளியே கிரீஸ். அது ஈப்பிடிக்கும் பசைத்தாள் மாதிரி, தூசி அத்தனையும் ஒட்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய். முதல் வாரம் நன்றாகத்தான் ஓடும், பிறகு பலகாரச் சட்டி விளிம்பில் பிடிக்குமே ஒரு பிசின், அது போல ஆகிவிடும். தேங்காய் எண்ணெயை மலையில் இருப்பவர்கள் முயற்சியே செய்ய வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். மார்கழியில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துத்தானே தலைக்குத் தேய்க்கிறீர்கள்? செயினை எந்த வெயிலில் வைப்பது?

"ஓவராயில்" என்றால் நிறைய ஆயில் விடுவதுதானே?

இல்லை. பேரைக் கேட்டு அப்படி நினைத்தவர்கள் ஏராளம், நானும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தேன். சைக்கிளை முழுக்கப் பிரித்து, சக்கர நடுவில் இருக்கும் ஹப், பெடல் அச்சு சுழலும் பி.பி., ஹேண்டில் கப்பு எல்லாவற்றிலும் இருக்கும் பால்ரஸ் குண்டுகளைக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, புது கிரீஸ் வைத்துப் பூட்டுவதுதான் ஓவராயில். அதற்கு ஸ்பேனர்களும் பழகிய கையும் வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை கடையில் கொடுத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் இருப்பது வெளி வேலை மட்டும்.

டபிள்யூ.டி.-40 ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

அந்தப் பெயருக்கே "தண்ணீரை விலக்குவதற்கான 40-ஆவது கலவை" என்றுதான் பொருள். 1953-இல் அதற்காகவே உருவாக்கியது. துருப்பிடித்து இறுகிய நட்டைக் கழற்ற, கழுவிய பின் இடுக்கில் நிற்கும் ஈரத்தை விரட்ட, செயின் அழுக்கைக் கரைக்க, எல்லாவற்றுக்கும் நல்லது. செயினுக்கு எண்ணெய்க்குப் பதிலாக அதையே நம்பினால் சில நாளிலேயே கீச்சுச் சத்தம் கேட்கும். டிஸ்க் பிரேக் இருக்கும் பக்கம் அதன் காற்றுகூடப் படக் கூடாது.

பைக் வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்தால் அஞ்சு நிமிஷத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்களே?

கொடுத்து அனுபவப்பட்டவன் நான். ஒரு மழைக்காலத்தில் சோம்பலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு கடையில் விட்டேன். பையன் பாவம், நல்ல மனதோடு ஹப்புக்கு நேராகவே பைப்பைப் பிடித்து அடித்தான். சைக்கிள் மின்னியது. இரண்டு வாரத்தில் பின்சக்கரத்தில் கரகர என்று ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் உள்ளே கிரீஸ் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது, தண்ணீர் கலந்துவிட்டது. குண்டுகளில் துருப் புள்ளி. கழுவுவதில் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்துக்கு ஹப்பில் தண்டம் கட்டினேன்.

பைக்கில் சீல் வைத்து அடைத்திருக்கும் பல இடங்கள் சைக்கிளில் வெறும் தகட்டு மூடியோடுதான் இருக்கும். அழுத்தத் தண்ணீர் சுலபமாக உள்ளே போகும். வீட்டிலும் ஹோஸ் பைப் வாயை விரலால் அழுத்திப் பீச்சாதீர்கள். மக்கில் மொண்டு மேலிருந்து ஊற்றினால் போதும்.

ஏற்காட்டுச் செம்மண் சேறு காய்ந்து ஒட்டிவிட்டது. சுரண்டலாமா?

சுரண்டாதீர்கள், காய்ந்த துணியால் துடைக்கவும் செய்யாதீர்கள். மேலே சொன்ன குவார்ட்ஸ்தான் காரணம், பெயிண்டில் கோடு கோடாக விழும். ஈரத்துணியைச் சேறு இருக்கும் இடத்தில் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றினால் தானாக இளகி வழியும். எஸ்டேட் மண்சாலையில் போய் வந்தவர்கள் மட்கார்டுக்கு உள்பக்கம் விரல் விட்டுப் பாருங்கள். அங்கே அப்பிக்கொண்டு நிற்கும் சேறுதான் ஈரத்தைப் பிடித்து வைத்து மட்கார்டை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, ஒருநாள் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும்.

ஜாகீர் அம்மாபாளையம், கருப்பூர் பக்கம் மேக்னசைட் சுரங்க வெள்ளைத் தூசி படியும். அது சேறு போலப் பிடிவாதம் பிடிக்காது. துடைக்காமல் முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், போய்விடும்.

போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே?

உப்புத் தண்ணீர் காய்ந்த தடம் அது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் வெயிலில் காயவிடாமல் உடனே துடைத்துவிட வேண்டும். ஏற்கெனவே படிந்துவிட்ட தடத்துக்குத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். உச்சி வெயிலில் கழுவவே கூடாது என்பதும் இதனால்தான். சேலத்துச் சித்திரை வெயிலில் ஷாம்பு நுரையே காய்ந்து கறையாகிவிடும்.

பூந்திக்கொட்டை, புளி, சாம்பல், விபூதி: இவற்றால் தேய்க்கலாமா?

வெள்ளி ஊர் என்பதால் இந்தக் கேள்வி இங்கே கண்டிப்பாக வரும். பூந்திக்கொட்டை தாராளமாக. நாலைந்து கொட்டையை உடைத்து இரவில் ஊறவைத்துக் கசக்கினால் நுரைக்கும், ஷாம்புவுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. கொலுசுக்கு ஆகும் மென்மை பெயிண்டுக்கும் ஆகும். கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும்.

புளி பித்தளைக்குத்தான். தாத்தா காலத்துப் பித்தளை பெல் இருந்தால் புளி தேய்த்துக் கழுவி, விபூதியால் ஒரு துடை துடையுங்கள், குத்துவிளக்கு மாதிரி வரும். அதே புளியைப் போக்ஸ் கம்பியில் தேய்க்காதீர்கள். பல சைக்கிள்களில் கம்பிக்கு மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும், புளிப்பு அதைத் தின்றுவிடும். சாம்பலும் விபூதியும் பெயிண்டில் கீறல் போடும். பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கட்டியும் தேங்காய் நாரும் அப்படித்தான்.

ஹேண்டில், ரிம் எல்லாம் துருப்புள்ளி. எப்படிப் போக்குவது?

பரோட்டா பார்சல் கட்டி வரும் அலுமினியத் தாளைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். சிறு உருண்டையாகக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, குரோம் மேல் இருக்கும் துருவில் வட்டமாகத் தேயுங்கள். கறுப்பாக ஒரு பசை வரும், துரு அதோடு போகும். குரோமைவிட அலுமினியம் மென்மையானது, அதனால் கீறாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெலிதாகப் பூசுங்கள். ஹேண்டிலுக்கு மட்டும், ரிம்முக்கு எண்ணெய் கூடாது. இந்த வைத்தியம் குரோமுக்குத்தான், பெயிண்டில் அலுமினியத் தாளை வைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் துருவைப் போக்கியதாகச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். துரு போகும், கூடவே குரோமும் போகும். அடுத்த மழைக்கு முன்னைவிட மோசமாகப் பிடிக்கும்.

இரும்பாலை இருக்கும் ஊர், எவர்சில்வர் நமக்குப் பழக்கம். அதனால் வெள்ளையாக மின்னுவதெல்லாம் துருப்பிடிக்காது என்று நினைத்துவிடுகிறோம். சைக்கிளில் மின்னுவது பெரும்பாலும் சாதா இரும்பின் மேல் போட்ட மெல்லிய முலாம். அதில் ஊசிக்கண் அளவு ஓட்டை விழுந்தாலும் கீழே இரும்பு ஈரத்தைக் குடிக்க ஆரம்பித்துவிடும். முலாம் தோலாகவே உரிந்துவிட்டால் அலுமினியத் தாளால் ஆகாது, மறுபடி முலாம் போட வேண்டும், அல்லது ரிம்மை மாற்ற வேண்டும்.

பாடி மங்கிவிட்டது. பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி வருமா?

பாலிஷ் வேறு, மெழுகு வேறு. பாலிஷில் நைசான தேய்ப்புத் தூள் இருக்கிறது. மங்கிப்போன மேல்தோலைக் கொஞ்சம் சீவி எடுத்து உள்ளே இருக்கும் நிறத்தைக் காட்டும். மெழுகு எதையும் எடுக்காது, மேலே ஒரு போர்வை போடும். ஆகவே பாலிஷ் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்; பெயிண்ட் அவ்வளவு தடிமன் இல்லை. மெழுகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடலாம். காருக்கு விற்கும் மெழுகே போதும், சின்ன டப்பா. மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் வேறு துணியால் துடைத்தால் தண்ணீர் முத்து முத்தாக உருளும்.

முதலில் பெடலுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்தில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். பழைய சைக்கிள்களில் பாரின் மேல் தங்க நிறத்தில் கையால் இழுத்த மெல்லிய கோடுகள் இருக்கும். அவற்றின் மேல் பாலிஷும் மண்ணெண்ணெயும் படவே கூடாது. ஒருமுறை அழிந்தால் அதே மாதிரி இழுத்துக் கொடுக்க ஆளைத் தேட வேண்டியிருக்கும். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் அடித்த புது சைக்கிளுக்கு இரண்டுமே வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் திட்டுத் திட்டாக மின்னி அசிங்கமாகிவிடும்.

மலை இறங்கிய பிறகு ரிம்மெல்லாம் கறுப்பு. அது என்ன?

பிரேக் ரப்பர் தேய்ந்த பொடி. வழி நெடுக பிரேக்கைப் பிடித்துக்கொண்டே 20 வளைவு இறங்கினால் வராமல் என்ன செய்யும்? ஷாம்புத் தண்ணீரால் ரிம்மின் பக்கவாட்டைத் தேய்த்து, அலசி, காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு பிரேக் ரப்பரைக் குனிந்து பாருங்கள். அலுமினிய ரிம் என்றால் ரப்பரில் வெள்ளி போல மின்னும் துகள்கள் புதைந்திருக்கும். அவைதான் ரிம்மை வரி வரியாக அறுப்பவை. ஊக்கு முனையால் குத்தி எடுத்துவிட்டு, உப்புத்தாளால் ரப்பர் முகத்தை லேசாகத் தேயுங்கள்.

எண்ணெய், மெழுகு, பாலிஷ் எதுவும் ரிம்மின் பக்கவாட்டில் படக் கூடாது. டிஸ்க் பிரேக் தகட்டை விரலால் தொடக்கூட வேண்டாம். தவறி எண்ணெய் பட்டால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். சக்கரம் கழற்றியிருக்கும்போது டிஸ்க் பிரேக் லிவரை அழுத்தவும் கூடாது. கழுவி முடித்ததும் தெருவுக்குள்ளேயே ஓட்டி இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். குரோம் ரிம் ஈரமாக இருந்தால் ரொம்பவே வழுக்கும். காயாமல் அடிவாரம் பக்கம் கிளம்பிவிடாதீர்கள்.

புது ரோட்டுத் தார் தெறித்து ஒட்டியிருக்கிறது.

செயினுக்கு வேண்டாம் என்ற தேங்காய் எண்ணெய் இங்கே கை கொடுக்கும். பஞ்சில் நனைத்துத் தார்ப்புள்ளி மேல் பத்து நிமிஷம் வைத்து, வழித்து எடுத்து, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பாடிக்கு மண்ணெண்ணெயைவிட இது பத்திரம்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கழுவலாமா?

ஸ்டாண்டு இல்லாத கியர் சைக்கிளுக்கு வேறு வழி இல்லையென்றால், கீழே கோணிச்சாக்கு மடித்துப் போட்டுச் செய்யலாம். ஆனால் தண்ணீர் சீட் கம்பி வழியாக உள்ளே இறங்கும். ஆயில் டிஸ்க் பிரேக் இருந்தால் காற்றுக்குமிழ் இடம் மாறிப் பிரேக் தொளதொளக்கலாம். நான் செய்வது, சீட்டின் மூக்கில் கயிறு கட்டி மாமரக் கிளையில் தொங்கவிடுவது. இடுப்பு வலிக்காது.

டயருக்குப் பளபளப்பு ஏதாவது?

வேண்டாம். தரையில் படும் இடத்தில் பட்டால் வளைவில் சறுக்கும். சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெயும் மண்ணெண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும்.

ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். பெயிண்டுக்கு ஏதாவது ஆகுமா?

சந்தனமும் விபூதியும் ஒன்றும் செய்யாது. குங்குமம்தான் வெள்ளை, மஞ்சள் பெயிண்டில் ஊறிச் சிவப்புத் தடம் விட்டுவிடும். பூஜைக்கு முதல் நாள் மெழுகு போட்டுவிட்டால் கறை இறங்காது. பொட்டை ஹேண்டிலிலும் பாரிலும் வையுங்கள், ரிம்மில் வேண்டாம். விஜயதசமி முடிந்ததும் ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். எலுமிச்சம்பழம் நசுக்கிய சாறு ரிம்மில் தெறித்திருந்தால் அதையும் கழுவிவிட வேண்டும். ஹேண்டிலில் கட்டிய மாலையின் நார் முன்சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படித்தான் ஆனது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

கழுவுவதைக் குறைத்துத் துடைப்பதைக் கூட்டுங்கள். ஊருக்குள் வெயில் காலத்தில் ஓட்டினால் வாரம் ஒருமுறை செயினை மட்டும் காய்ந்த துணியில் இருபது சுற்று, மாதம் ஒரு முழுக் கழுவல். மழையில் நனைந்து வந்தால் அன்று இரவே துடைத்து, காய்ந்ததும் எண்ணெய். மலையில் மூடுபனி இருக்கும் மாதங்களில் சைக்கிளை வராந்தாவில் விட்டு பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்காதீர்கள். உள்ளே வேர்த்து விடியும்போது சொட்டச் சொட்ட இருக்கும். வீட்டுக்குள் சுவரோரம் சாத்தி வைப்பது மேல், வீட்டில் திட்டினாலும்.

சுத்தம் செய்தும் செயின் நழுவுகிறதே?

தேய்ந்திருக்கும். இரும்பு டேப்பால் அளந்து பாருங்கள். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம். அதாவது 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 12 அங்குலத்துக்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு ஃப்ரீவீலும் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதில் பாதி நீண்டபோதே செயினை மட்டும் மாற்றியிருந்தால் ஃப்ரீவீல் தப்பித்திருக்கும். தையல்காரர் துணி டேப் வேண்டாம், அதுவே இழுபடும்.

கையில் ஒட்டிய கறுப்பு சோப்புக்குப் போகவில்லையே?

சோப்புப் போடும் முன், காய்ந்த கையிலேயே அரை ஸ்பூன் சமையல் எண்ணெயும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் விட்டு நன்றாகத் தேயுங்கள். எண்ணெய் கரைக்கும், சர்க்கரை சுரண்டும். துணியில் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு. தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டால் இது பலிக்காது. நகக்கண்ணில் நிற்பது மட்டும் செவ்வாய்க்கிழமை வரை இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் காய்ந்த சோப்புக் கட்டியில் நகத்தால் நாலு கீறு கீறிக்கொண்டால் நகத்துக்குள் சோப்பு அடைந்து நிற்கும். கறுப்பு போக இடம் இருக்காது.